கவலைக் கிணற்று உழவர்: கொங்கு நாட்டு முன்னோர் வாழ்வு

கவலைக் கிணற்று உழவர் என்போர் கொங்கு நாட்டில் கிணற்று நீரை எருதுகளைக் கொண்டு இறைத்துத் தோட்ட வேளாண்மை செய்து வாழ்ந்த குடியானவர்கள். இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களும் நாமக்கல், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளும் இவர்கள் வாழ்ந்த நிலம். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்து இப்பகுதி ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அப்போது முதல் 1930-களில் மின்சார இறைப்பான்கள் பரவத் தொடங்கியது வரையிலான காலத்தில் இவர்கள் வாழ்வு எப்படி அமைந்திருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வுழவரைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி வரி ஆவணங்கள். அவற்றில் ஒரு நிலத்துக்கு எதிரே பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரே காணப்படும். குடும்பங்களின் நினைவிலும் முன்னோர் என்றால் அந்தப் பெயருக்கு உரியவரே நிற்கிறார். ஆனால் ஒரு கிணற்றை வெட்டி, இறைத்து, அதன் நீரில் ஒரு போகம் எடுப்பதற்குப் பலருடைய உழைப்பு தேவைப்பட்டது. பட்டாவில் இருந்த ஒரு பெயரையும் கிணற்றைச் சுற்றி இருந்த பல கைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வாழ்வு முழுமையாகப் புலப்படும்.

நிலமும் மழையும்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த மேட்டுநிலம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசினாலும் சமவெளிக்குள் வரும்போது அதில் காற்று மிகுதி, மழை குறைவு. பெரும்பகுதியில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளின் கரைகளிலும் காலிங்கராயன் வாய்க்கால் போன்ற பழைய பாசனங்களின் கீழும் நெல் வயல்கள் இருந்தன. மற்ற இடங்களில் உழவர் மழையையும் கிணற்றையுமே நம்பியிருந்தனர்.

உழவர் தம் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசினர். மழையை மட்டும் நம்பியது மேட்டுக்காடு. கிணற்று நீர் பாய்வது தோட்டம். கால்நடை மேய்ச்சலுக்கென விடப்பட்டது கொறங்காடு. காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல் மரங்களும் வளரும். புல் மாட்டுக்கும், வெள்வேல் நெற்று ஆட்டுக்கும் தீவனம். வறண்ட நிலத்தை உழுது வீணாக்காமல் மேய்ச்சலுக்கு விட்டு வைத்தது இப்பகுதியின் வேளாண்மையில் குறிப்பிடத்தக்க ஏற்பாடு. காங்கயம் இனக் காளைகள் இந்த மேய்ச்சலில் வளர்ந்தவை. பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும் அவ்வினக் கன்றுகள் சுமார் ஆறு மாதத்துக்குப் பின் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஏர் உழவும் கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் ஏற்ற இனம் இது.

தெற்கே உள்ள பல ஊர்களைப் போலக் கொங்கு உழவர் அனைவரும் ஒரே தெருவில் நெருங்கி வாழவில்லை. பலர் தம் தோட்டத்திலேயே, கிணற்றுக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டனர். வீட்டோடு சேர்ந்து மாட்டுக் கட்டுத்தரையும், ஆட்டுப் பட்டியும், களமும், தட்டுப்போரும் இருக்கும். சந்தை, கோயில் நோன்பு, சீர், இழவு ஆகியவற்றுக்கு மட்டும் உழவர் ஊருக்குள் சென்றனர். அன்றாட வாழ்வின் நடுவிடம் கிணற்றடியே.

கிணறு வெட்டுதல்

கொங்கு நாட்டின் நிலத்தடியில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டுப்படும். ஆகவே கிணறு வெட்டுவது ஒரு கோடையில் முடியும் வேலையன்று. மேல்மண்ணைக் குடும்பத்தினரே அகற்றினாலும் பாறையை உடைக்கத் தனித் திறன் வேண்டும். அவ்வேலையைப் பெரும்பாலும் ஒட்டர் என அழைக்கப்பட்ட போயர் சமூகத்தினர் செய்தனர். உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையில் குழி அடித்து, பிற்காலத்தில் வெடிமருந்து வைத்துத் தகர்த்து, கல்லையும் மண்ணையும் கூடைகளில் மேலேற்றினர். ஒரு கிணறு பல ஆண்டுகள் விட்டு விட்டு வெட்டப்படுவதுண்டு. தண்ணீர் வற்றிய ஆண்டில் மீண்டும் ஆழப்படுத்துவர்.

இச்செலவை ஈடுகட்டப் பெரும்பாலான குடும்பங்கள் கடன் வாங்கின. கடன் கொடுத்தவர் வணிகராகவும் இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துப் பெரிய உழவராகவும் இருக்கலாம். நிலத்தைப் போக்கியம் வைத்து வெட்டிய கிணற்றில் ஊற்று கண்டால் குடும்பம் நிமிரும். வெறும் பாறையோடு நின்றுவிட்டால் கிணறும் நிலமும் சேர்ந்தே கைமாறும். பல குடும்பக் கதைகளில் கிணறு வெட்டிய தலைமுறையைத் தனித்து நினைவுகூர்வதற்கு இந்தத் துணிச்சலே காரணம்.

கிணறு பல வேளைகளில் பொதுச் சொத்தாகவும் இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்போது நிலத்தை வரப்பிட்டுப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. எனவே நீர் இறைக்கும் நாள்களைப் பங்காகப் பிரித்தனர். ஒருவருக்கு ஒரு நாள், மற்றவருக்கு மறுநாள் என்ற முறை வைத்தனர். ஒரு கிணற்றில் கால் பங்கு, அரைக்கால் பங்கு என உரிமை எழுதிய பத்திரங்கள் இதிலிருந்தே தோன்றின. பங்காளிச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த முறைநாள் பற்றியவையே.

கவலை இயங்கிய விதம்

கவலை என்பது எருதுகளின் இழுவையால் நீரை மேலேற்றும் அமைப்பு. கிணற்றின் ஓரத்தில் இரு தூண்கள் நட்டு, அவற்றின் குறுக்கே உருளை பொருத்தப்படும். உருளையின் மேலாக வடம் என்னும் தடித்த கயிறு ஓடும். வடத்தின் ஒரு முனை நுகத்திலும் மறு முனை சாலிலும் பிணைக்கப்படும். தொடக்கத்தில் தோலால் செய்யப்பட்ட சால் பின்னர் இரும்புத் தகட்டால் செய்யப்பட்டது. சாலின் அடியில் யானைத் துதிக்கை போன்ற நீண்ட தோல் குழாய் தைக்கப்பட்டிருக்கும். இதற்குத் தும்பி என்று பெயர்.

தும்பியின் வாய் மெல்லிய வால்கயிற்றால் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஆகவே சால் நிரம்பி மேலேறும்போது நீர் ஒழுகாது. சால் கிணற்று மேட்டுக்கு வந்ததும் வால்கயிறு தும்பியைத் தொட்டியின் பக்கம் இழுத்து நீட்டும். நீர் தானே கொட்டும். யாரும் கிணற்று விளிம்பில் நின்று சாலைக் கவிழ்க்க வேண்டியதில்லை. இரண்டு கயிறுகளின் நீளத்தைச் சரியாக அமைப்பதிலேயே இதன் நுட்பம் இருந்தது.

கிணற்றிலிருந்து சரிந்து இறங்கும் தடத்தை வாரி என்பர். எருதுகள் வாரியில் இறங்கும்போது சால் மேலேறும். இறைப்பவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் உடல் எடையையும் சேர்ப்பார். பின் எருதுகள் பின்னோக்கி நடந்தே மேட்டுக்குத் திரும்பும். இரண்டு ஜோடிகள் உள்ள வசதியான தோட்டத்தில் ஒரு ஜோடி இறங்கும்போது மற்றொன்றை அவிழ்த்துச் சுற்றுவழியில் மேலே நடத்துவர். எருதுகளின் வேகத்தையும் சால் நிரம்பும் நேரத்தையும் ஒத்திசைக்கப் பாடிக்கொண்டே இறைப்பது வழக்கம். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அப்பாட்டிலேயே அடங்கும்.

வெயில் ஏறினால் எருதுகள் தளரும். ஆகவே கோழி கூப்பிடும் முன்பே கவலை பூட்டுவர். நிலவுக் காலத்தில் நள்ளிரவிலும் இறைப்பதுண்டு. இறைப்பவர் ஒருவர் என்றால் பாத்தியில் மடை திருப்புபவர் மற்றொருவர். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை அடைத்து அடுத்த பாத்திக்கு நீர் விட வேண்டும். இவ்வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமும் சிறுவர்களிடமும் இருந்தது. நாள் முழுவதும் இறைத்தாலும் ஒரு ஜோடி எருதுகளால் ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தையே நனைக்க முடிந்தது. தோட்டத்தின் பரப்பைக் கிணற்றின் ஆழமும் எருதுகளின் வலிமையும் சேர்ந்தே வரையறுத்தன.

கிணற்றைச் சுற்றியிருந்த கைகள்

கவலையின் உயிர்நாடி தோல். நாள்தோறும் நீரில் நனைந்து வெயிலில் காயும் தும்பி விரைவில் கிழியும். அதைத் தைப்பவரும், புதிதாகச் செய்பவரும், தோலைப் பதப்படுத்துபவரும் அருந்ததியர். அக்காலத்தில் இவர்கள் கொங்குப் பகுதியில் மாதாரி என அழைக்கப்பட்டனர். பயிர் காயும் நேரத்தில் தும்பி கிழிந்தால் தோட்டமே நின்றுவிடும். இவ்வாறு தண்ணீரை மேலேற்றும் கருவியைச் செய்த கைகளுக்கே அக்கிணற்றில் இறங்கி நீர் மொண்டு குடிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. மற்றவர் ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டியிருந்தது. கொங்கு வேளாண்மையின் வரலாற்றில் மறைக்க முடியாத முரண் இது.

அருந்ததியர் குடும்பங்கள் பல பண்ணையாள்களாகவும் இருந்தன. பண்ணையாள் ஆண்டுக் கணக்கில் அமர்த்தப்படுவார். மாதந்தோறும் தானியமும், ஆண்டுக்கு ஒருமுறை துணியும், நோன்பு நாள்களில் சோறும் கூலியாகக் கிடைக்கும். திருமணம், நோய் போன்ற செலவுகளுக்குப் பெற்ற முன்பணம் தீராத வரை அவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாது. அவருடைய மகன் சிறுவயதிலேயே ஆடு மாடு மேய்க்க அதே பண்ணையத்தில் சேர்க்கப்படுவான். இவ்வாறு கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது.

கலப்பையும் கவலைத் தூணும் செய்த தச்சர், கொழு அடித்த கொல்லர், மொடாவும் பானையும் வனைந்த குயவர், நாவிதர், வண்ணார் ஆகியோரும் இவ்வேளாண்மையின் பகுதியாக இருந்தனர். இவர்களுக்கு வேலைக்கு வேலை பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. அறுவடை முடிந்ததும் களத்தில் தானியமாக அளப்பர். இப்பங்கு மேரை எனப்படும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் மேரையும் பொய்க்கும். எனவே வறட்சியின் அடி நிலம் இல்லாதவர் வீட்டிலேயே முதலில் விழுந்தது.

பெண்களின் உழைப்பு

களையெடுத்தல், பருத்தி எடுத்தல், கதிர் அறுத்தல், தூற்றுதல், விதை தேர்தல், கால்நடை பேணல் ஆகிய அனைத்திலும் பெண்களின் உழைப்பு முதன்மையாக இருந்தது. கம்பையும் சோளத்தையும் உலக்கையால் குத்தி, புடைத்து, மாவாக்கிச் சமைப்பது தினமும் பல மணி நேரம் பிடிக்கும் வேலை. பருத்தியைக் கொட்டை நீக்கி ராட்டையில் நூற்று விற்பதும் பல வீடுகளில் கைச்செலவுக்கு வழியாக இருந்தது. இயந்திர நூல் சந்தையை நிறைத்தபோது அந்த வருமானம் பெண்களின் கையிலிருந்து போனது.

அடுத்த போகத்துக்கான விதையைக் காப்பதும் பெண்களின் பொறுப்பே. நல்ல கதிர்களைப் பிரித்தெடுத்து, சாம்பலும் வேப்பிலையும் இட்டு மொடாக்களில் வைத்தனர். எவ்வளவு பசி வந்தாலும் விதைத் தானியத்தைத் தொடக்கூடாது என்பது வீட்டு விதி. நிலத்தைப் பற்றிய அறிவில் பாதி இவ்வாறு பெண்களிடம் இருந்தும், பட்டாவில் அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. கணவனை இழந்த பெண்ணின் பெயரில் அரிதாக எழுதப்பட்டதைத் தவிர நிலம் தந்தையிடமிருந்து மகன்களுக்கே சென்றது. மகளுக்கு நகையும் சீரும் பசுவும் பங்காகக் கருதப்பட்டன. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமை தமிழ்நாட்டில் 1989-ல்தான் சட்டமானது.

ஆண்டுச் சுழற்சி

உழவரின் ஆண்டு சித்திரையில் பொன்னேர் பூட்டுவதோடு தொடங்கியது. நல்ல நாள் பார்த்து முதல் சால் ஓட்டுவர். கோடை மழையில் மேட்டுக்காட்டை உழுது போட்டு, ஆடிப்பட்டத்தில் கம்பும் சோளமும் தட்டைப்பயறும் அவரையும் கலந்து விதைப்பர். ஒரு பயிர் தவறினால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதற்காகவே இக்கலப்பு. பின்மழைக்குக் கொள்ளு விதைப்பர். தோட்டத்தில் ராகி, மிளகாய், புகையிலை, காய்கறி, பருத்தி ஆகியன மாறி மாறி வரும். எரு போதாத நிலத்தில் இரவில் செம்மறி ஆட்டுப் பட்டியை அடைத்து, அதன் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் நிலத்தைத் தேற்றினர்.

அன்றாட உணவு கம்பஞ்சோறு, ராகிக்களி, சோளச்சோறு, கொள்ளுப் பருப்பு, மோர். நெல்லஞ்சோறு நோன்புக்கும் விருந்துக்கும் உரியது. விளைந்த சோளத்தைக் களத்தருகே ஆழ்ந்த குழி வெட்டி, தட்டும் வைக்கோலும் பரப்பி, மேலே மண் மூடிச் சேமித்து வைக்கும் வழக்கம் இருந்தது. நல்ல ஆண்டில் நிரம்பிய குழி அடுத்த கெட்ட ஆண்டைக் கடக்க உதவியது. வரி கட்டுவதற்காகத் தானியத்தை அறுவடை விலையிலேயே விற்க வேண்டிய கட்டாயம் கூடியபோது இச்சேமிப்பு சுருங்கியது.

தை மாதத்தில் மாட்டுப் பொங்கலைக் கொங்கு உழவர் பட்டிப் பொங்கல் எனக் கொண்டாடினர். மாடுகள் கட்டும் பட்டியிலேயே பொங்கலிட்டு, எருதுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டி, முதல் உணவை அவற்றுக்குக் கொடுத்தனர். மாடு வாங்கவும் விற்கவும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிய சந்தைக்கும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் நெடுந்தொலைவு நடந்தனர். வேளாண் குடியின் பெருமையும் பங்காளிப் பகையும் பேசும் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவதும் இக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

பட்டாவும் தீர்வையும்

1800-ல் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் கம்பெனி அரசின் ஆணைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டுக் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் பயணம் செய்தார். மண், பயிர், கூலி, பாசனம் ஆகியவற்றை ஊர் ஊராக விசாரித்து எழுதிய அவருடைய நூல் 1807-ல் வெளிவந்தது. கொங்கு உழவரின் வாழ்வு பற்றிய விரிவான தொடக்கக் குறிப்புகள் அதில் உள்ளன. புதிய ஆட்சி எவ்வளவு வரி பெற முடியும் என்பதை அறிவதே அத்தகைய விசாரணைகளின் பின்னிருந்த நோக்கம்.

அதற்கு முன்பே சேலம் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையை உருவாக்கியிருந்தனர். இடைத்தரகர் இன்றி ஒவ்வொரு உழவரிடமும் அரசு நேரடியாகத் தீர்வை பெறும் முறை இது. இடையில் சில ஆண்டுகள் கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் முறை முயலப்பட்டது. மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1820-களில் ரயத்துவாரி மீண்டும் நிலைபெற்றது. உழவர் கையில் பட்டா வந்தது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கு முடிக்கப்பட்டது. மணியக்காரர் கிஸ்தி வசூலிக்க, கர்ணம் கணக்கு எழுதினார்.

பட்டா நிலத்துக்கு உறுதி அளித்தது. ஆனால் தீர்வையைப் பணமாக, குறித்த தவணையில் கட்ட வேண்டும் என்ற கட்டாயத்தையும் அதுவே கொண்டுவந்தது. கட்டத் தவறியவர்கள் பட்ட துன்பம் 1854-ல் அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் பதிவாகியுள்ளது. 1855-ல் வெளியான அவ்வறிக்கை சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த முறையீடுகளைத் தொகுத்தது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் குனிய வைப்பதும் வரி வசூலில் கீழ்நிலை ஊழியர்கள் கையாண்ட வழிகள் என அது கூறியது.

கிணற்றுக்கும் வரிக்கும் இருந்த தொடர்பு கொங்கு உழவரின் வாழ்வை நேரடியாகப் பாதித்தது. தொடக்கத்தில் தோட்ட நிலத்துக்கு மேட்டுக்காட்டைவிட உயர்ந்த தீர்வை விதிக்கப்பட்டது. சொந்தச் செலவில் கிணறு வெட்டினால் வரியும் உயரும் என்பதால் பலர் தயங்கினர். உழவர் தம் உழைப்பால் செய்த மேம்பாட்டுக்குக் கூடுதல் வரி கூடாது என்ற கொள்கையைச் சென்னை அரசு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்றது. அதன் பின் கிணறுகள் விரைவாகப் பெருகின. மாகாணத்திலேயே கிணற்றுப் பாசனத்தில் முன்னணியில் நின்ற மாவட்டங்களுள் ஒன்றாகக் கோயம்புத்தூர் விளங்கியது. எஃப். ஏ. நிக்கல்சன் தொகுத்து 1887-ல் வெளிவந்த மாவட்டக் கையேடு இம்மாவட்ட வேளாண்மையை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

தாது வருடப் பஞ்சம்

1876-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் மழை காலத்தில் வரவில்லை. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருடத்தில் தொடங்கியதால் மக்கள் இதைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் பல லட்சம் பேர் பசியாலும் காலராவாலும் இறந்தனர். சேலமும் கோயம்புத்தூரும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் அடங்கும். 1881 மக்கள்தொகைக் கணக்கில் இவ்விரு மாவட்டங்களின் மக்கள்தொகையும் 1871-ஐவிடக் குறைந்திருந்தது.

கவலை உழவரின் பஞ்சம் எருதிலிருந்து தொடங்கியது. தட்டு தீர்ந்து எருதுகள் மாண்டபோது, கிணற்றில் நீர் இருந்தும் அதை மேலேற்ற வழியில்லை. கூரையில் வேய்ந்த தட்டையும் பிரித்து மாட்டுக்குப் போட்டனர். எருதை இழந்தவர் மழை வந்த பின்னும் உழ முடியாமல் நின்றார். ஆழமான கிணறும் சில எருதுகளும் தப்பிய குடும்பங்கள் சிறு பாத்திகளில் ராகி விளைவித்துப் பிழைத்தன. அவ்வாறு தப்பியவர்கள் சிலர் மற்றவர்களின் நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கவும் செய்தனர். ஒரு குடும்பத்தின் பெருக்கமும் மற்றொன்றின் வீழ்ச்சியும் ஒரே பஞ்சத்தில் நேர்ந்தன.

நிலமற்றவர்கள் நிவாரண வேலைகளுக்குச் சென்றனர். ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் அங்கு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் எனக் கூலியைக் குறைத்தார். உடலுழைப்புக்கு இது போதாது எனச் சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ரயில் பாதைகள் இருந்தும், வாங்கப் பணமில்லாதவருக்கு அவற்றில் வந்த தானியத்தால் பயனில்லை. பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் புலம்பெயர்ந்தனர். கொங்கு நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறை பற்றிய செய்தி அறுபட்டுப் போனதற்கு இச்சிதறல் ஒரு காரணம்.

பஞ்சத்துக்குப் பின் அரசு கிணறுகளை வறட்சிக் காப்பாகக் கருதத் தொடங்கியது. 1883-ல் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884-ல் உழவர் கடன் சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றின் கீழ் வழங்கப்பட்ட தக்காவிக் கடனில் சிலர் கிணறு வெட்டினர், சிலர் எருது வாங்கினர். ஆனால் ஈடு காட்ட நிலம் வேண்டும் என்பதால் பண்ணையாளுக்கு இக்கடன் எட்டவில்லை. உழவர் கடனைப் பற்றி ஆராய்ந்த நிக்கல்சன் 1890-களில் அளித்த அறிக்கை, 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தோன்ற வழிகோலியவற்றுள் ஒன்று.

கவலை மறைந்த காலம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோயம்புத்தூர்த் தோட்டங்களில் பரவியது. கிணற்று நீரில் நன்கு விளைந்த இப்பருத்தி, கோவையிலும் திருப்பூரிலும் அரவை ஆலைகளும் நூற்பாலைகளும் பெருக உதவியது. உணவுத் தானியம் விளைந்த தோட்டம் பணப்பயிருக்கு மாறியது. உழவரின் வரவு செலவை உள்ளூர்ச் சந்தையோடு வெளிநாட்டு விலையும் தீர்மானிக்கத் தொடங்கியது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விலைகள் சரிந்தபோது, கடன் வாங்கிக் கிணறு வெட்டியிருந்தவர்கள் கடுமையாக அடிபட்டனர்.

அதே பத்தாண்டில் பைகாரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. முதலில் ஆலைகளுக்கும், படிப்படியாகத் தோட்டங்களுக்கும் கம்பி இழுக்கப்பட்டது. ஒரு நாள் முழுவதும் எருதுகள் இறைத்த நீரை மின் இறைப்பான் சில மணி நேரத்தில் இறைத்தது. ஆயினும் பல தோட்டங்களில் 1960-கள் வரை கவலை தொடர்ந்தது. அது நின்றபோது தும்பி தைத்தவர்களின் தொழிலும், வடம் திரித்தவர்களின் தொழிலும், நான்கு எருதுகள் வளர்க்க வேண்டிய தேவையும் சேர்ந்தே நின்றன. காங்கயம் மாடுகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கவலைக்கு எருதின் களைப்பு ஓர் எல்லை. மின் இறைப்பானுக்கு அவ்வெல்லை இல்லை. நீர்மட்டம் இறங்க, கிணற்றுக்குள் துளையிட்டனர். பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. தோல் சாலுக்குச் செலவிட்ட உழவர் இப்போது மின் கட்டணத்துக்குப் போராட வேண்டியதாயிற்று. 1970-ல் பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உழவர்கள் உயிரிழந்தனர். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரை நிறைத்தன. வேளாண்மைக்கு இலவச மின்சாரம் என்ற பிற்காலக் கொள்கையின் வேர்கள் இப்போராட்டங்களில் உள்ளன.

எச்சங்கள்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இன்றும் கவலைக் கிணறுகளின் அடையாளங்களைக் காணலாம். கிணற்று விளிம்பில் நிற்கும் கல்தூண்கள், வடம் உரசிப் பள்ளம் விழுந்த கற்கள், மேடாகத் தெரியும் வாரி, நீர் கொட்டிய தொட்டி ஆகியன பல இடங்களில் எஞ்சியுள்ளன. பெரும்பாலான வாரிகள் சமன் செய்யப்பட்டுத் தென்னை நடப்பட்டுவிட்டன.

குடும்ப வரலாறு எழுத முனைவோருக்குப் பழைய பட்டா, அளவை எண், பாகப் பத்திரம், கிணற்றுப் பங்கு எழுதிய ஆவணம் ஆகியவை முதன்மையான சான்றுகள். அவை நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். பாறையை யார் உடைத்தார், தும்பியை யார் தைத்தார், விடியுமுன் யார் மடை திருப்பினார், விதையை யார் காத்தார் என்பவற்றை அவை சொல்லா. அவற்றை அறிய முதியோரிடம், குறிப்பாகப் பண்ணையாள் குடும்பங்களின் முதியோரிடமும் பெண்களிடமும் கேட்டுப் பதிவு செய்வதே வழி. கவலை இறைத்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையின் கடைசிப் படியில் இருக்கிறது. ஒரு கிணற்றில் நீர் குடித்த அனைவரும் அக்கிணற்றுக்குக் கடன்பட்டவர்கள் என்றால், அதை வெட்டி இறைத்த அனைவரும் அவ்வூரின் முன்னோரே.